செமி ஆட்டோ தூரத்துக்குப் பிழைக்குதா? அறிகுறியைப் பார்த்து ரவையைத் தெரியிற வழி

பெட்டியில "லோங் ரேஞ்ச்" எண்டு பெரிய எழுத்தில போட்டிருக்கு, அதை வாங்கினா துவக்கு தானா தூரத்துக்குச் சுடும் எண்டு நினைக்கிறதில தான் முக்கால்வாசிப் பிரச்சினையும் தொடங்குது. நான் இருக்கிறது கொழும்பில, வெள்ளவத்தையில. இஞ்ச 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டமும் 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு, வேட்டை ரைபிள் எண்டது கையில எடுக்கிற சாமான் இல்லை. ஆனா கனடாவில அல்பேர்ட்டா மாகாணத்து கல்கரி, எட்மண்டன் பக்கம் போய் இருக்கிற எங்கட பொடியள் மான் வேட்டைக்குப் போறாங்கள், கையில இருக்கிறது பிரவுனிங் பிஏஆர் மாதிரி காஸில ஓடுற செமி ஆட்டோ (ஒண்டைச் சுட்டதும் அடுத்த ரவையைத் தானா ஏத்திற துவக்கு), கலிபர், அதாவது ரவை அளவு, .308, .30-06, .270 இந்த மூண்டு தான் கூட, பிழைச்சா இலக்குத் தாளையும் வெறுங்கோதையும் படம் எடுத்து எனக்கு அனுப்புவாங்கள். எனக்கு பலிஸ்டிக்ஸ் கணக்கு எண்டா சோறு தண்ணி வேண்டாம், அதால இருந்து பார்ப்பன். திருப்பித் திருப்பி ஒரே கேள்வி தான் வருது, அதை ஒரே இடத்தில எழுதி விடுறன்.

ரவை எண்டு நான் சொல்லுறது கோது, மருந்து, சன்னம் எல்லாம் சேர்ந்த முழுசை. சன்னம் பறந்து போறது, கோது வெறுமையா மிஞ்சிறது. தொடங்க முதல் மூண்டு விசயம் கையில இருக்கோணும். பரலில பொறிச்சிருக்கிற கலிபர், பரலின்ர ட்விஸ்ட் (1:10 எண்டா சன்னம் 10 அங்குலத்துக்கு ஒருக்கா ஒரு முழுச் சுத்துச் சுத்தும்), பரல் நீளம். ட்விஸ்ட் தெரியாட்டி கம்பெனி மனுவலில பாருங்கோ. மற்றது, ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்துறது. ரவையையும் மாத்தி ஸ்கோப் மவுண்டையும் இறுக்கி பரலையும் துடைச்சுப் போட்டு "இப்ப சரி" எண்டு சொன்னா எது சரியாக்கினது எண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

கோது வெளிய வராமச் செருகி நிக்குது, இல்லாட்டி அடுத்த ரவை ஏறேல்லை

முதல் கேள்வி, எந்தக் குளிரில? மைனஸ் 20இல கிறீஸ் தடிச்சு போல்ட் (ரவையை ஏத்திப் பூட்டிற பாகம்) பாதி தூரத்தில களைச்சு நிக்கும், அதுக்கு ரவையைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. பழைய கிறீஸைத் துடைச்சு எடுத்துப்போட்டு குளிருக்கெண்டு விக்கிற மெல்லிய எண்ணெய் கொஞ்சமாப் போட்டுப் பாருங்கோ, காஸ் பிஸ்டனையும் சேம்பரையும் (ரவை போய் இருக்கிற அறை) துடையுங்கோ. இது பாதிப் பேருக்குப் போதும்.

துடைச்சும் அப்பிடித்தான் எண்டா பெட்டியைப் பாருங்கோ. உதைப்புக் குறைஞ்ச ரவை எண்டு விக்கிறாங்கள் தானே, தோள் நோகாது எண்டு, அது போல்ட் அக்‌ஷன் (ஒவ்வொரு ரவையையும் கையால ஏத்திற) துவக்குக்கு நல்ல சாமான், செமி ஆட்டோவுக்கு இல்லை. செமி ஆட்டோ தன்ர வேலைக்கு வேண்டிய பலத்தைப் பரலில இருக்கிற சின்ன ஓட்டையால வாற காஸில இருந்து தான் எடுக்குது, காஸ் குறைஞ்சா போல்ட் முழுசாப் பின்னால போகாது. அது முழுசாப் போகுதோ எண்டு பார்க்க சுகமான வழி ஒண்டு இருக்கு. உங்கட துவக்கு கடைசி ரவை முடிஞ்சதும் போல்ட்டைத் திறந்தபடி நிப்பாட்டிற வகை எண்டா, மகசீனில ஒரே ஒரு ரவை போட்டுச் சுடுங்கோ, போல்ட் திறந்து நிண்டா பலம் காணும், மூடினா காணாது.

அடுத்தது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் தான் வீட்டில நிரப்பின ரவையைக் குடுத்தான் எண்டு சில பேர் சொல்லுவினம். வேண்டாம். அவன்ர போல்ட் அக்‌ஷனுக்கு கோதின்ர கழுத்தை மட்டும் சரிக்கட்டியிருப்பான், உங்கட செமி ஆட்டோ சேம்பருக்குள்ள அது முழுசா இறங்காது, போல்ட் பூட்டுப் படாமலே நிக்கும். அதோட தூரத்துக்கெண்டு மூக்கு நீட்டி இருத்தின ரவை மகசீனுக்குள்ளயே போகாது, .308க்கு நியம நீளம் 2.81 அங்குலம், அதுக்கு மேல போனா மகசீன் சுவரில முட்டும். கடை ரவையில இந்தப் பிரச்சினை இல்லை.

கோது கனதூரம் பறக்குது, விளிம்பு கிழிஞ்சிருக்கு

இது மேல சொன்னதுக்கு நேர் எதிர். காஸ் கூடிப் போச்சு. பாரமான சன்னத்தோட மெதுவா எரியிற மருந்து போட்ட ரவையில, சன்னம் காஸ் ஓட்டையைத் தாண்டேக்கையும் உள்ள அமுக்கம் நல்லாக் கூடித்தான் இருக்கும், போல்ட் அடிச்சுப் பறக்கும். பெயர் போன உதாரணம் 1936இல அமெரிக்க ஆமி எடுத்த எம்1 காரண்ட். அது அந்தக் காலத்து ஆமி .30-06 ரவைக்கு எண்டு நினைச்சுச் செய்தது, அதில பாரமான நவீன வேட்டை ரவையைப் போட்டா ஒப்பரேட்டிங் ரொட் (போல்ட்டைப் பின்னால தள்ளுற தண்டு) வளைஞ்சு போகலாம். இப்பத்தைய வேட்டை செமி ஆட்டோக்கள் அதைவிடக் கனக்கத் தாங்கும், எண்டாலும் பலதில காஸைத் திருகிக் குறைக்கிற வசதி இல்லை, அதால நீங்க மாத்தக்கூடியது ரவை தான். .30-06 எண்டா 150, 165, 180 கிரெய்ன் (சன்னத்தின்ர எடை அளவு) இந்த நடு வீட்டுக்குள்ள நில்லுங்கோ. 200க்கு மேல போறது எல்க் (பெரிய மான் வகை) பின்னால போறவைக்கு ஒரு ஆசை, செமி ஆட்டோவில அந்த ஆசை வேண்டாம் எண்டது என்ர கருத்து.

கோதின்ர அடிப் பக்கத்தில எழுத்துக்கு மேல பளபளப்பா ஒரு வட்ட அடையாளம் விழுந்திருந்தா, இல்லாட்டி அடிக்குக் கொஞ்சம் மேல சுத்திவர வெளிர் கோடு இருந்தா, அந்தப் பெட்டியை மூடி வைச்சிட்டு துவக்குப் பழுது பார்க்கிறவரிட்டக் கொண்டு போய்க் காட்டுங்கோ. இந்த இடத்தில படம் பார்த்துச் சொல்லுறதெல்லாம் விளையாட்டு.

100 யார் (கஜம்) தூரத்தில அருமை, 300இல சிதறுது

கூட வாற கேள்வி இது, நேரம் எடுத்துப் பாருங்கோ. எப்பிடிச் சிதறுது எண்டு முதல்ல சொல்லோணும், "சிதறுது" எண்டா எனக்கு ஒண்டும் விளங்காது.

இலக்கில ஓட்டையள் மேல கீழ நீட்டுக்கு நிக்குது, இடம் வலம் சரி எண்டா, வேகம் ரவைக்கு ரவை மாறுது. ஆரிட்டையும் குரோனோகிராஃப் (சன்னத்தின்ர வேகம் அளக்கிற கருவி) இரவல் வாங்கி ஒரு பெட்டியைச் சுட்டுப் பாருங்கோ. ஒரு ரவை செக்கனுக்கு 2,700 அடியும் மற்றது 2,640 அடியும் போகுது எண்டா 100 யாரில அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, 400 யாரில ஏறக்குறைய 2 அங்குலம் மேல கீழ காட்டும். மலிவு ரவைக்கும் விலை கூடின ரவைக்கும் உண்மையான வித்தியாசம் இதில தான், வேகம் கூடுறதில இல்லை, வேகம் ஒரே மாதிரி இருக்கிறதில. நான் என்ன சொல்லுவன் எண்டா, பெட்டியில 50 அடி கூடப் போட்டிருக்கிற ரவையை விட்டிட்டு வேகம் ஆடாத ரவையை எடுங்கோ.

இடம் வலமாச் சிதறினா காத்து. 180 கிரெய்ன் .30-06க்கு மணிக்கு 10 மைல் பக்கக் காத்து 300 யாரில கிட்டத்தட்ட 7 அங்குலம் தள்ளும், 400இல 12 அங்குலம். அல்பேர்ட்டா வெட்ட வெளியில 10 மைல் எண்டது காத்தே இல்லை எண்டு பொடியள் சொல்லுறாங்கள். இதுக்குத்தான் பிசி கூடின சன்னம், அதாவது காத்தை வெட்டிக்கொண்டு போற திறன் கூடினது, நீண்ட கூர் மூக்கும் பின்பக்கம் ஒடுங்கின வாலும். அது உதவும், ஆனா 150 யாருக்குள்ள பத்தைக்குள்ள மான் சுடுறவருக்கு அதால ஒரு சதப் பிரயோசனமும் இல்லை, காசு தான் கூட.

எல்லாப் பக்கமும் சிதறினா ரவையைத் தொட முதல் துவக்கைப் பாருங்கோ. பிஏஆர் மாதிரித் துவக்கில முன் கட்டை காஸ் சிஸ்டத்தோட தொடுப்புப் பட்டிருக்கு, அந்த ஆணி கொஞ்சம் இளகினாலும், வாரை இறுக்கி இழுத்துக்கொண்டு சுட்டாலும் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டையள் கூடி நிக்கிற வட்டம்) இடம் மாறும். ஸ்கோப் மவுண்ட் ஆணியைப் பாருங்கோ. பிறகு பரல் சூடு. வேட்டைத் துவக்கின்ர பரல் மெல்லிசு, அஞ்சு ரவையைக் கடகடவெண்டு தட்டி விட்டா மூண்டாவதில இருந்து படுற இடம் நகரத் தொடங்கும், கனடாவில சென்டர்ஃபயர் செமி ஆட்டோ மகசீனுக்கு அஞ்சு தான் எல்லை, அந்த அஞ்சையும் ஒரே மூச்சில முடிக்கோணும் எண்டு சட்டம் இல்லை. மூண்டு சுட்டு ஆற விடுங்கோ. உண்மையில மானுக்குப் போறது ஆறின பரலின்ர முதல் ரவை தான், அதால வேற வேற நாளில முதல் ரவையை மட்டும் ஒரே தாளில சுட்டுச் சேருங்கோ, அது காட்டுற குரூப் தான் உங்கட உண்மையான குரூப்.

இவ்வளவும் சரியாயும் சிதறினா இப்ப ரவை மாத்துற நேரம். ஒரே கம்பெனியின்ர மூண்டு எடையை வாங்காமல், மூண்டு கம்பெனியின்ர ஒரே எடையை வாங்கிப் பாருங்கோ, ஏனெண்டா மருந்தும் சன்னத்தின்ர மூக்கு வடிவமும் மாறினாத்தான் பரல் என்ன விரும்புது எண்டு தெரியும். மிக நீண்ட கூர் மூக்கு சன்னம் சில பரலுக்கு ஒத்துவராது, சேம்பரில இருந்து வரி (பரலுக்குள்ள வெட்டியிருக்கிற சுருள் கோடு) தொடங்கிற இடம் வரைக்கும் சும்மா பாயிற தூரம் கூடினா அது நேரா ஏறாது. சாதாரண வளைவு மூக்குச் சன்னம் இதைப் பெரிசு படுத்தாது, கடையில சனம் ஒதுக்கி வைக்கிற பழைய வகை ரவை செமி ஆட்டோவில புது ரவையை வெல்லுறதும் இதால தான். ஒரு கம்பெனி ரவையில இருந்து மற்றதுக்கு மாறேக்க, முக்கியமா முழுச் செம்புச் சன்னத்துக்கு, பரலை நல்லாத் துடைச்சு, மூண்டு நாலு ரவை சுட்டு விட்டிட்டுப் பிறகு தான் குரூப்பைப் பார்க்கிறது.

இனி ஒரு கணக்கு, இதை ஒருத்தரும் விரும்பிக் கேக்கிறதில்லை. மானின்ர நெஞ்சுப் பகுதியில குறி வைக்கிற இடம் ஏறக்குறைய 8 அங்குலம். உங்கட துவக்கு 2 எம்ஓஏ (கோண அளவு, 100 யாரில ஒண்டு ஏறக்குறைய ஒரு அங்குலம்) குரூப் எண்டா, 100 யாரில 2 அங்குலம், 400 யாரில 8 அங்குலம். அதாவது நீங்க ஒரு பிழையும் விடாமல், காத்து ஒரு சொட்டும் இல்லாமல், தூரம் ஒரு யாரும் பிசகாமல் இருந்தாத்தான் விளிம்பில படும். 1.5 எம்ஓஏ எண்டா 6 அங்குலம், மிச்சம் 2 தான் உங்களுக்கு. வேட்டை செமி ஆட்டோ நல்ல ரவையோட 1.5 குடுத்தா அதை நான் நல்ல துவக்கு எண்டு சொல்லுவன், அதோட 300 யாருக்குள்ள நிண்டு கொள்ளுங்கோ எண்டும் சொல்லுவன். காயப்பட்ட மானைப் பனிக்குள்ள இருட்டில தேடுறது வேட்டை இல்லை.

ஓட்டை வட்டமா இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீட்டுக்கு விழுந்திருக்கு

சன்னம் பக்கவாட்டில புரண்டு போய்ப் படுது. ட்விஸ்ட் காணாது. எல்லாரும் எடையைத்தான் பார்க்கினம், ஆனா சன்னத்தின்ர நீளம் தான் விசயம். ஈயம் கன சென்டிமீற்றருக்கு 11.3 கிராம், செம்பு 9க்குக் கொஞ்சம் குறைய, அதால ஒரே எடைக்கு முழுச் செம்புச் சன்னம் நீளம் கூட. 1:12 ட்விஸ்ட் .308இல 168 கிரெய்ன் ஈயச் சன்னம் அழகாப் போகும், அதே எடை செம்பு தடுமாறலாம், அப்ப 150க்கு இறங்குங்கோ. 1:10 ட்விஸ்ட் .243இல 105 கிரெய்னுக்கு மேல நீண்ட சன்னம் போடுறதும் இதே கதை. கலிபோர்னியாவில 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயமே இல்லை, அங்க போய் வேட்டையாடுற ஆக்கள் இதை முதலே பார்க்கோணும்.

ஆவணியில ரேஞ்சில சரி, கார்த்திகையில புரளுது எண்டு ஒரு மருமகன் கேட்டார். நடக்கும். குளிர் காத்து அடர்த்தி கூட, சன்னத்தை நிலையா வைச்சிருக்க இன்னும் சுழற்சி வேணும், ஓரத்தில நிண்ட சன்னம் ஓரத்தைத் தாண்டிடும்.

ஆப் ஒண்டு சொல்லுது, சன்னம் வேற இடத்தில விழுது

சன்னம் எங்க விழும் எண்டு கணக்குப் போடுற போன் ஆப்பைச் சொல்லுறன். எப்பவும் கீழ தான் விழுது எண்டா வேகத்தைக் கூடப் போட்டிருக்கிறீங்கள். பெட்டியில போடுற வேகம் கூடுதலா 24 அங்குலப் பரலில அளந்தது, உங்கடது 22 எண்டா அங்குலத்துக்கு 20, 30 அடி குறையுது எண்டு வையுங்கோ. குளிரில மருந்தும் கொஞ்சம் சோர்ந்து எரியும். மற்றது பிசி. ஜி1 எண்டும் ஜி7 எண்டும் ரெண்டு அளவு இருக்கு, ஒரே சன்னத்துக்கு ஜி1இல 0.48 எண்டா ஜி7இல 0.24 கிட்ட வரும். ஜி1 இலக்கத்தை ஜி7க்குரிய இடத்தில அடிச்சா ஆப் சன்னத்தை ரொக்கெட் எண்டு நினைக்கும், நீங்க கீழ சுடுவீங்கள். மாறி அடிச்சா மேல.

கனடாவில இன்னொரு தொல்லை, தூரம் பார்க்கிற கருவி மீற்றரில, ஆப் யாரில. 300 மீற்றர் எண்டது 328 யார். 200 யாருக்கு ஸீரோ போட்ட, அதாவது அந்தத் தூரத்தில குறியிலயே படச் சரிக்கட்டின, 180 கிரெய்ன் .30-06 300 யாரில ஏறக்குறைய 8 அங்குலம் இறங்கும், 400இல 23. அந்த 28 யாருக்கு மட்டும் மூண்டு அங்குலத்துக்கு மேல போகும். அதோட ஸ்கோப் எம்ஓஏயோ மில்லோ (மற்ற ஒரு கோண அளவு) எண்டும் ஒருக்காப் பாருங்கோ. உயரத்தையும் போடுங்கோ, கல்கரி கடல் மட்டத்தில இருந்து 1,000 மீற்றருக்கு மேல, கொழும்புக் கடற்கரைக் கணக்கு அங்க செல்லாது.

பட்டது, ஆனா விழேல்லை

சன்னம் விரியாமல் ஊடறுத்துப் போயிருக்கும். ரெண்டு காரணம். ஒண்டு, மேட்ச் சன்னம் வாங்கியிருக்கிறீங்கள், தாளில நல்ல குரூப் தந்தது எண்டு. அது தாளுக்குச் செய்தது, சியரா கம்பெனியே தங்கட மேட்ச்கிங்கை வேட்டைக்கு வேண்டாம் எண்டு தான் சொல்லுது. மற்றது வேகம். ஈயம் வைச்ச வேட்டைச் சன்னம் சரியா விரிய, படுற இடத்தில பொதுவா செக்கனுக்கு 1,800 அடியாவது வேணும், செம்புக்கு 2,000 கிட்ட. கம்பெனிகள் அந்த இலக்கத்தைப் போடுறாங்கள், தேடிப் பாருங்கோ. ஆப்பில உங்கட ரவை அந்த வேகத்துக்கு இறங்கிற தூரம் எது எண்டு பாருங்கோ, குரூப் கணக்குச் சொன்ன தூரத்தையும் பாருங்கோ, எது கிட்டவோ அது தான் உங்கட எல்லை. லோங் ரேஞ்ச் ரவை எண்டு தனியா ஒண்டு இருந்தா, குறைஞ்ச வேகத்திலயும் விரியிற வேட்டைச் சன்னம் வைச்சது தான் அது, மிச்சம் பெட்டிப் படம்.

அதே ரவை, புதுப் பெட்டி, வேற இடத்தில விழுது

பெட்டி மடிப்பில லொட் (ஒரே தடவையில செய்த தொகுதி) இலக்கம் இருக்கும். லொட் மாறினா மருந்தும் மாறியிருக்கலாம். பிடிச்ச ரவை கிடைச்சா ஒரே லொட்டில சீசன் முழுக்கக் காணுற அளவு வாங்கிப்போடுங்கோ.

ஒரே பெட்டி எண்டா, திருப்பித் திருப்பி ஏத்தி இறக்கின ரவையோ எண்டு பாருங்கோ. காலமை மகசீனில ஏத்தி பின்னேரம் இறக்கி, அடுத்த நாள் அதையே முதல் ரவையா ஏத்தினா செமி ஆட்டோ போல்ட் ஒவ்வொரு முறையும் அடிச்சுத்தான் ஏத்தும், சன்னம் கோதுக்குள்ள பின்னுக்குப் போகலாம், அமுக்கம் கூடும். புது ரவையோட பக்கத்தில வைச்சு நீளம் பாருங்கோ, குறைஞ்சிருந்தா ஒதுக்குங்கோ. மென்முனைச் சன்னத்தின்ர ஈய மூக்கு மகசீன் சுவரில அடிபட்டு நசிஞ்சிருக்கும், அது கிட்டத்துக்குக் காரியம் இல்லை, தூரத்துக்குப் பிளாஸ்டிக் முனை நல்லம்.

சத்தம் "டப்" எண்டு மெல்லிசா வந்தது, இல்லாட்டிச் சத்தமே இல்லை

டப் எண்டா நிப்பாட்டுங்கோ, அடுத்தது சுடப்படாது. சன்னம் பரலுக்குள்ள நிக்கலாம். இறக்கி, போல்ட்டைத் திறந்து, பரலுக்குள்ள வெளிச்சம் தெரியுதோ எண்டு பார்த்த பிறகு தான் மிச்சம். சத்தமே இல்லை எண்டா துவக்கின்ர வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடிச்சபடி குறைஞ்சது 30 செக்கன் பொறுங்கோ, நான் ஒரு நிமிசம் எண்டு சொல்லுவன்.

கோது வெடிச்சுக் கழுத்து விரிஞ்சு வந்தா அடியில பொறிச்சிருக்கிறதை வாசியுங்கோ. .30-06 துவக்குக்குள்ள .308 ரவை ஏறி வெடிக்கும், ஒரே மேசையில ரெண்டு பேர் இருக்கேக்க நடக்கிற வேலை. ஒரு பொக்கெட்டுக்கு ஒரு கலிபர்.

பொக்கெட் எண்டதும் ஒண்டு. மார்கழி லீவுக்குக் கொழும்புக்கு வாற ஆக்கள், வேட்டைக்குப் போட்ட ஜக்கெட், பாக் எதையும் கொண்டு வாறதெண்டா எல்லாப் பொக்கெட்டையும் தலைகீழாக் கொட்டிப் பாருங்கோ. அங்க கடையில வாங்கிற ஒரு ரவை கட்டுநாயக்கா விமான நிலைய ஸ்கேனரில தெரிஞ்சா அனுமதி இல்லாத வெடிபொருள், வெறுங்கோது கூட விளங்கப்படுத்த வேண்டி வரும், ஞாபகத்துக்கெண்டு கூட வேண்டாம். எனக்குக் கோதின்ர படம் காணும்.